‘அப்படியே என் கதை’ என்பதற்கு அடுத்த வரி: பண்பாட்டு அடையாளம் பேசும் நாவலுக்கு வாசக எதிர்வினை எழுதும் முறை

இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் வளரும் ஒரு பிள்ளையைப் பற்றிய நாவலைப் படித்து முடித்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். “அப்படியே என் கதை” என்பார் ஒருவர். “அந்தச் சமூகத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்” என்பார் மற்றவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் பதிலில் வாசகர் மட்டும் இருக்கிறார், இரண்டாவதில் தகவல் மட்டும் இருக்கிறது. நாவலைக் காணோம். எந்தக் காட்சியில், எந்தச் சொல்லில் அது தன்னைத் தொட்டது என்று சொல்லத் தொடங்கும்போதுதான் அது எதிர்வினை ஆகிறது. படிக்கும்போதே அந்த இடங்களைப் பிடித்து வைக்காவிட்டால் எழுதும்போது அவை கைக்கு வராது. எனவே வேலை பென்சிலில் தொடங்குகிறது.

ஓரத்தில் இரண்டு எழுத்து

300 பக்க நாவல் என்றால் 8 முதல் 10 அமர்வு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு 30, 40 பக்கம். ஒரே இரவில் முடித்துவிடுவது பெருமையாகச் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். ஆனால் இவ்வகை நாவலில் பக்கம் ஏற ஏற பாத்திரத்தின் வயதும் ஏறுகிறது. ஒரே மூச்சில் படித்தால் 10 வயதுக் குரலும் 17 வயதுக் குரலும் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசி அத்தியாயம் முந்தைய எல்லாவற்றுக்கும் தன் சாயத்தைப் பூசிவிடும்.

அடிக்கோடு போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஏன் போட்டோம் என்று தெரியாது. அதற்குப் பதிலாக ஓர் எழுத்தைப் போடலாம். அதற்குத் தேவையான பட்டியல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது வெளியே தெரியும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. முதலெழுத்தைப் போட்டால் போதும். அழுகையும் அச்சமும் மோதிக்கொள்வதால் அச்சத்துக்கு ‘ச்’ வைத்துக்கொள்ளலாம்.

நவீன நாவலுக்கு இது பொருந்துமா என்று தயங்க வேண்டாம். அடையாளச் சிக்கல் பேசும் நாவலுக்கு இந்தப் பட்டியல் ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்துகிறது. நகை பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவது எள்ளல். தான் பிறரை எள்ளிச் சிரிப்பதும் பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பதும் அதில் அடங்கும் என்று, பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர் பிரித்துக் காட்டுகிறார். தன் பெற்றோரின் உச்சரிப்பை வகுப்பே கேலி செய்யும்போது கூடச் சேர்ந்து சிரிக்கும் பிள்ளையை இந்தப் பிரிவில் வைத்துப் பாருங்கள். வெகுளி பிறக்கும் இடங்களில் ஒன்று குடிகோள், அதாவது தன் குடியைச் சேர்ந்தவர்களுக்கு வரும் கேடு. இளிவரலைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். தான் தாழ்ந்துபோன உணர்வு இவ்வகை நாவலின் அன்றாடச் சோறு.

ஓர் எழுத்து போதாது, இரண்டு வேண்டும். பக்கத்தின் இடது ஓரத்தில் பாத்திரம் உணர்வது, வலது ஓரத்தில் நீங்கள் உணர்ந்தது. பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அழுகைக்கு அழுகை, சிரிப்புக்குச் சிரிப்பு. அவற்றைப் பற்றி எழுத அதிகம் இருக்காது. இடதில் பெ, வலதில் இ என்று விழும் இடம் இருக்கிறதே, அங்கேதான் உங்கள் எதிர்வினை உட்கார்ந்திருக்கிறது. புதிய நண்பர்கள் முன்னால் தாய்மொழி தெரியாது என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் பெருமையோடு நிற்கிறது, உங்களுக்குக் கூசுகிறது. ஏன் கூசியது? நாவலாசிரியர் கூசவைக்கத்தான் அப்படி எழுதினாரா, இல்லை உங்களிடம் இருந்த ஏதோ ஒன்று கூசியதா? இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் இருந்தே விடை தேட வேண்டும்.

300 பக்கத்துக்கு 30, 40 இடங்களில் எழுத்து விழுந்தால் சரியாக இருக்கும். நூறைத் தாண்டினால் எல்லாவற்றையும் குறிக்கிறீர்கள். பத்துக்கும் குறைவு என்றால் கதையை மட்டும் துரத்தியிருக்கிறீர்கள். வலது ஓரம் முழுக்க அழுகையாகவே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாத்திரத்தின் மேல் இரக்கப்படத் தீர்மானித்துவிட்டுப் படிக்கும்போது அப்படி ஆகும்.

மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் நிறுத்தி, ஒரு சிறு அட்டையில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். இவளுக்கு இப்போது என்ன வேண்டும்? தன்னை யாருடைய கண்ணால் பார்த்துக்கொள்கிறாள்? அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்? மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் இன்னோர் அட்டை, அதே மூன்று வரி. பிறகு அவற்றைத் திருத்தக் கூடாது. முடிவு தெரிந்த பிறகு எல்லோருக்கும் ‘முன்னாலேயே நினைத்தேன்’ என்றுதான் தோன்றும். அட்டை இருந்தால் அந்தச் சாக்கு செல்லாது. ‘கடைசியில் வீட்டோடு சேர்ந்துவிடுவாள்’ என்று இரண்டு அட்டையிலும் எழுதியிருந்து, நாவல் அப்படி முடியாமல் போயிருந்தால், உங்கள் ஏமாற்றத்துக்குக் காரணம் நாவலின் குறையாக இல்லாமலும் இருக்கலாம்.

சொல்கிறவருக்கு என்ன வயது

வளரிளம் பருவ நாவலில் ‘நான்’ என்று வந்தால் அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். அனுபவிக்கிற 13 வயதுப் பிள்ளை ஒருத்தி, பல வருஷம் கழித்து அதைச் சொல்கிறவள் ஒருத்தி. இவர்களைப் பிரிக்காமல் எழுதினால் ‘இந்த வயதில் இவ்வளவு தெளிவாக யோசிக்க முடியுமா’ என்ற வழக்கமான புகார் வரும். யோசிப்பது அந்த வயது இல்லை என்பதே அதற்குப் பதில். நிகழ்காலத்தில் சொல்லப்படும் நாவலில் இந்தப் புகார் நியாயமாகவும் இருக்கலாம். அங்கே பின்னாளில் நின்று பார்க்கும் ஆள் இல்லை.

பிரித்துப் பார்க்க, குறித்த இடங்களில் ஐந்தாறை எடுத்து மூன்று நெடுவரிசையாக எழுதுங்கள். அப்போது என்ன தெரிந்தது, இப்போது சொல்கிறவருக்கு என்ன தெரிகிறது, நமக்கு மட்டும் என்ன தெரிகிறது. மூன்றாவது வரிசை காலியாகவே இருந்தால் காட்சியை மறுபடி படிக்க வேண்டும்.

ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விளக்கத்துக்காகவே எழுதியது இது: டாக்டருக்குத் தெரியாத மொழியில் அம்மா பேசுகிறார், பிள்ளை பெயர்த்துச் சொல்கிறாள்.

“அம்மா நிறுத்தாமல் பேசினார். எப்போது தொடங்கியது, ராத்திரியில் எப்படி இருக்கும், பாட்டி இருந்தவரை என்ன செய்வார். டாக்டர் என்னைப் பார்த்தார். ‘தலைவலியாம்’ என்றேன். அம்மா தலையாட்டினார், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதைப்போல.”

இதற்கு வரும் முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும்: “புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் எவ்வளவு பெரிய சுமையைத் தாங்குகிறார்கள் என்பதை இந்தக் காட்சி அழகாகச் சொல்கிறது. என் சிறுவயதும் ஞாபகம் வந்தது. கண் கலங்கிவிட்டது.”

இதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் தொந்தரவு. இதே மூன்று வாக்கியத்தை வேறு நூறு நாவலுக்கும் ஒட்டலாம். காட்சியில் இருந்து ஒரு சொல்கூட உள்ளே வரவில்லை. ஞாபகம் வந்தது என்ற அறிவிப்பு இருக்கிறது, அந்த ஞாபகம் எதற்கும் பயன்படவில்லை.

இப்போது ஓரத்து எழுத்துகளைப் பாருங்கள். பிள்ளைக்கு இடதில் இ. வலதில் முதலில் ந, ஏனென்றால் அத்தனை பேச்சுக்கு ஒற்றைச் சொல் என்பது சிரிப்பு மூட்டுகிறது. கடைசி வாக்கியத்தில் அதே வலது ஓரம் அ ஆகிறது. ஐந்து வாக்கியத்துக்குள் வாசகர் இடம் மாறியிருக்கிறார். எங்கே மாறினார் என்று தேடினால் இரண்டாவது வரைவு கிடைக்கும்:

“அம்மா சொன்ன மூன்று விஷயமும் நமக்குக் கிடைக்கிறது, டாக்டருக்கு ஒரு சொல்தான். என்ன விடுபட்டது என்பது அந்தப் பிள்ளைக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். நாமும் கூட்டாளி ஆகிவிடுகிறோம். முதலில் சிரித்தேன். பிறகு ‘தலைவலியாம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ உறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் வலி, எங்கோ கேள்விப்பட்ட செய்தி ஆகிவிடுகிறது. அந்தத் தலையாட்டலை அன்றைக்குப் பிள்ளை பார்த்திருக்கலாம். ‘எல்லாவற்றையும் சொல்லிவிட்டதைப்போல’ என்று எழுத அவள் வளர வேண்டியிருந்தது.”

நீளம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. ஆனால் இது வேறு எந்த நாவலுக்கும் ஒட்டாது. ஓர் எச்சரிக்கை: கையில் இருப்பது மொழிபெயர்ப்பு என்றால் அந்த ‘ஆம்’ மொழிபெயர்ப்பாளர் வைத்ததாக இருக்கலாம். மூலத்தில் இப்படியோர் ஒட்டு இருக்க வாய்ப்பே இல்லாத மொழிகள் உண்டு. “தமிழாக்கத்தில்” என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் கூற்று நிற்கும். மூலம் படிக்க முடிந்தவர் அந்த வாக்கியத்தை மட்டுமாவது எடுத்துப் பார்ப்பது நல்லது.

சொந்த ஞாபகத்தை எங்கே வைப்பது? வைக்கவே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்குக் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதியதை 1929இல் அலசினார். வாசிப்பைத் தடுக்கும் விஷயங்களில், கவிதைக்குச் சம்பந்தமில்லாமல் குறுக்கே வரும் சொந்த நினைவுகளையும் தயாராக வைத்திருக்கும் உணர்ச்சிகளையும் அவர் சேர்த்தார். அமெரிக்க இலக்கிய அறிஞர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938 முதலே வேறு பக்கம் இழுத்தார்: வாசகர் கொண்டுவருவதும் பிரதியும் சேர்ந்துதான் வாசிப்பு நடக்கிறது, ஆனால் கொண்டுவந்ததைப் பிரதியோடு உரசிப் பார்த்தாக வேண்டும். நடைமுறையில் ஒரு சின்னச் சோதனை போதும். ஞாபகம் வரும் வாக்கியத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே நின்றால் ஞாபகம் அலங்காரம், வெட்டிவிடலாம். சாய்ந்தால் அது தூண், இருக்கட்டும். தூணுக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

கண்ணாடியா, ஜன்னலா

ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்க அறிஞர் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில், புத்தகம் சிலருக்கு ஜன்னல், சிலருக்கு நிலைக்கண்ணாடி, சில நேரம் நகர்த்தித் திறந்து உள்ளே போகக்கூடிய கண்ணாடிக் கதவு என்றார். அவர் பேசியது குழந்தை இலக்கியத்தைப் பற்றி. ஆனாலும் எழுதுவதற்கு முன் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்ள இது உதவும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தவறு இருக்கிறது.

கண்ணாடி பார்க்கிறவர் செய்யும் தவறு தணிக்கை. “எங்கள் ஆட்கள் இப்படிப் பேச மாட்டார்கள்” என்று தொடங்கிவிட்டால் மீதிப் பக்கமெல்லாம் சரிபார்ப்புத்தான். தன் வீட்டை ஒரு சமூகத்துக்கே அளவுகோலாக வைப்பதால் வரும் கோளாறு இது. அந்த வாக்கியத்தை “இந்தக் குடும்பம் ஏன் இப்படிப் பேசுகிறது” என்று திருப்பினால் உடனே காட்சிக்குள் போய்விடுவீர்கள். உண்மையான பிழைகளும் இருக்கும். உறவுமுறைச் சொல் மாறியிருக்கலாம், சடங்கின் வரிசை தப்பியிருக்கலாம். அதைத் தனியாக ஒரு வரியில் சொல்லலாம். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: தவறு ஆசிரியருடையதா, கதைசொல்லியுடையதா? அந்தச் சூழலை விட்டு விலகி வளர்ந்த பிள்ளை அத்தையையும் சித்தியையும் குழப்பினால் அது பாத்திர வார்ப்பு. அந்தக் குழப்பத்தை யாராவது திருத்துகிறார்களா, யாரும் கவனிக்கவில்லையா என்று அடுத்த பத்துப் பக்கத்தில் தேடினால் தெரிந்துவிடும்.

ஜன்னல் வழியே பார்க்கிறவர் செய்யும் தவறு சுற்றுலா. புரியாத சொல் வந்ததும் தேடலுக்குப் போய், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வருவார். முதல் வாசிப்பில் எதையும் தேடாமல் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் போங்கள். அத்தியாயம் முடிந்ததும், எது தெரியாவிட்டால் நடந்தது என்னவென்றே விளங்காதோ அதை மட்டும் தேடினால் போதும். மற்ற சொற்களுக்கு வேறு கேள்வி இருக்கிறது. ஆசிரியர் இதை ஏன் விளக்காமல் விட்டார், பக்கத்தில் இருக்கும் எந்தப் பாத்திரத்துக்கு இது புரிகிறது, யாருக்குப் புரியவில்லை? உங்களுக்குப் புரியாததும் அந்தப் பாத்திரத்துக்குப் புரியாததும் ஒன்றாக இருந்தால் நீங்கள் சரியான நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எழுதிய பிறகு ‘அவர்கள்’ வரும் வாக்கியங்களை எல்லாம் எடுத்து, அந்த இடத்தில் பாத்திரத்தின் பெயரைப் போட்டுப் படியுங்கள். “அவர்கள் குடும்ப மானத்துக்குப் பயப்படுகிறவர்கள்” என்பதில் அப்பாவின் பெயரைப் போட்டதும், அவர் மூன்றாவது அத்தியாயத்தில் மானத்தைப் பொருட்படுத்தாமல் கடன் கேட்கப் போனது ஞாபகம் வரலாம். வாக்கியம் உடைந்தால் அது உடைய வேண்டியதுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசகர் இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதே பண்பாடு, ஆனால் பெற்றோரின் வயது. இந்த நாவல்கள் பெரும்பாலும் பிள்ளையின் கண் உயரத்தில் எழுதப்படுகின்றன. அம்மாவும் அப்பாவும் கதவிடுக்கில் தெரிகிற அளவுக்குத்தான் தெரிவார்கள். பிள்ளைக்கு உவகையாக இருக்கும் இடத்தில், வீட்டைவிட்டுக் கிளம்பும் அத்தியாயத்தில், இந்த வாசகரின் வலது ஓரத்தில் வெ விழும். ‘நாவல் ஒருதலைப்பட்சம்’ என்று எழுதிவிட்டு எழுந்துபோகாமல், பெற்றோர் தனியாக இருக்கும் காட்சி எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். ஒன்றுகூட இல்லை என்றால் அதை எழுதலாம். இரண்டு இருந்தால், பிள்ளை இல்லாத இடத்தில் நடந்ததைக் கதைசொல்லி எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்கலாம். சில நாவல்களில் மன்னிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எழுத உட்காரும்போது

முடித்த அன்றே எழுத வேண்டாம். அன்று எழுதினால் கடைசி அத்தியாயத்தைப் பற்றி மட்டுமே எழுதுவீர்கள். 2 நாளில் இருந்து 7 நாள் வரை விடலாம். அதற்குள் மற்றவர்களின் மதிப்புரையைத் தொட வேண்டாம். அவர்களின் சொற்கள் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது சிரமம்.

இடது வலது மாறி விழுந்த இடங்களில் மூன்றைப் பொறுக்குங்கள். ஒன்று முதல் பாதியில் இருக்கட்டும். மூன்றுமே உரக்கப் பேசும் காட்சிகளாக, சண்டை, சாவு, பிரிவு என்று இருந்தால் ஒன்றை மாற்றி, சாப்பாட்டு மேசை, வகுப்பறை மாதிரி ஓசையில்லாத ஒன்றை வையுங்கள். 700 சொல்லில் எழுதுவதாக இருந்தால் கதைச் சுருக்கத்துக்கு 80 சொல் தாண்ட வேண்டாம். மூன்று காட்சிக்கும் தலா 170 அளவில். மீதி 100 சொச்சம் நாவலோடு உங்களுக்குள்ள வழக்குக்கு. மேற்கோள் ஓரிடத்துக்கு இரண்டு வரி. பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் போடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும்.

சில சொற்களைக் கண்டால் வெட்டிவிடலாம்: வேர்களைத் தேடும் பயணம், இரு உலகங்களுக்கிடையே ஊசலாட்டம், யதார்த்தமான சித்திரிப்பு, மனதை உலுக்கியது. பின்னட்டையில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. ‘ஆசிரியர் தன் வாழ்க்கையையே எழுதியிருக்கிறார்’ என்பதும் அவர் அப்படிச் சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம். முடிவை வெளியே சொல்லாமல் எழுத முடியவில்லை என்றால் முதல் வரியிலேயே எச்சரித்துவிட்டு எழுதுங்கள். சுற்றி வளைத்து மறைப்பதால் கட்டுரைதான் நொண்டும்.

கூட்டாகப் பேசினால்

6 முதல் 8 பேர், 90 நிமிடம். ‘பிடித்ததா’ என்று ஆரம்பித்தால் கூட்டம் கட்சி பிரிந்துவிடும். முதல் 15 நிமிடத்தில் நாவலில் இருந்து ஆளுக்கு ஒரு பத்தியை வாசிக்கட்டும், காரணம் சொல்லக் கூடாது. இருவர் ஒரே பத்தியை எடுத்திருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் யாரும் தொடாத காட்சி எது என்று கேட்டுப் பாருங்கள், அதுவும் பேச்சைக் கிளப்பும்.

நாவல் சொல்லும் சமூகத்தைச் சேர்ந்தவர் கூட்டத்தில் இருந்தால் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். “உங்கள் பக்கம் இப்படித்தானா?” என்று கேட்டதும் அவர் வாசகர் பதவியை இழந்து சாட்சி ஆகிவிடுகிறார். நடத்துகிறவர் அந்தக் கேள்வியைப் பிடித்து, “இந்த வீட்டில் இப்படி என்பது எந்த வரியில் தெரிகிறது?” என்று எல்லோருக்குமாக மாற்ற வேண்டும். அவரே சொல்ல முன்வந்தால் சொல்லட்டும்.

அநேகமாக ஒருமுறையாவது, வீட்டு விஷயத்தை வெளியில் போட்டு உடைத்துவிட்டார் ஆசிரியர் என்ற கோபம் வரும். அதை அடக்க வேண்டாம், கருத்து வாக்கெடுப்பாக விடவும் வேண்டாம். எந்தக் காட்சி என்று கேளுங்கள். அந்தக் காட்சியில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் உள்ளாட்களா வெளியாட்களா என்று பார்த்தால், பல சமயம் பாத்திரத்துக்கும் அதே கோபமோ பயமோ இருந்தது தெரியவரும்.

யாராவது தன் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டால் அதை அலச வேண்டாம், ஆறுதல் சொற்பொழிவும் வேண்டாம். “அதனால் இந்தக் காட்சி உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்ற ஒரு கேள்வி அவரையும் பேச்சையும் நாவலுக்குக் கூட்டிவரும்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு அட்டைகளை வெளியே எடுங்கள். முதலில் இரண்டாவது அட்டையின் மூன்றாம் வரியை மட்டும் வரிசையாக வாசிக்கலாம், விளக்கம் சொல்லாமல்.